கவரிங் துப்பாக்கி

ஏனுங்க்கா, உங்க நகத்துல போட்டிருக்கிறது எந்த பாலிஷுங்க? தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பா உங்க விரலைப் பிடிச்சு வாயில வைக்கப் பார்த்தாளே, அப்பத்தான் கவனிச்சேன். விடு கண்ணு, அத்தை கையை விடு. போட்டு எத்தனை நாளாச்சுங்க? பத்து நாளா? ஓரம்கூட உதிரலையே.

எனக்குக் கலர் வேண்டாங்க. தண்ணி மாதிரி கலரே இல்லாம ஒண்ணு வருமே, அதுதான் வேணும். எங்க பிரிவு ரோட்டு ஃபேன்ஸி ஸ்டோர்ல கேட்டேன். கலர் இல்லாத பாலிஷை எதுக்கு வாங்கறேன்னு அந்தக் கடைக்காரத் தம்பி கேட்டுட்டான். எனக்குச் சொல்லக் கூச்சமாப் போச்சு. பாப்பாவுக்கு ரெண்டு ஹேர்கிளிப்பை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அதான் இன்னைக்குப் பஸ் ஏறிக் கோபி டவுனுக்கே கிளம்பிட்டேன்.

எனக்கில்லைங்க. என் நகத்தைப் பாருங்க, மஞ்சக் கிழங்கு நோண்டி நோண்டி எப்படி இருக்கு. இதுக்கு பாலிஷ் ஒண்ணுதான் குறைச்சல். எங்க வீட்டு ரிவால்வருக்குங்க.

ஐயோ, பயந்துக்காதீங்க்கா. பையில இல்லை. பையில பால் பாட்டிலும் பாப்பா துணியும்தான். லைசென்ஸ் எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அதை எடுத்துக்கிட்டு நான் வாசல் தாண்டினாலே கேஸாயிடும்னு சொல்லி வெச்சிருக்காரு. பாருங்க, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறாரு. நான் மெதுவாச் சொல்லியிருக்கணும்.

நான் யார்கிட்டயும் பேசவே மாட்டேங்க்கா. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ரேணுகாவுக்கு வாய் இருக்குதான்னு கேட்பாங்க. எட்டாவது படிக்கிறப்ப டீச்சர் எழுந்து நின்னு பாடம் வாசிக்கச் சொன்னாங்க. மறுநாள்ல இருந்து நான் பள்ளிக்கூடமே போகலை. அப்படிப்பட்ட ஆளு நான். உங்களை இனிமே பார்க்கப் போறதில்லைங்கிற தைரியத்துலதான் சொல்றேன்.

எங்களுதுங்க தோட்டத்துச் சாளை. ஊருக்குள்ள வீடு இல்லை, தோட்டத்துக்கு நடுவுல தனி வீடு. பக்கத்துல இருக்கிறது ஒரே ஒரு வீடுதான். எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் வீடு. குழந்தைவேலு மாமா, சம்பூர்ணம் அக்கா. அதைத் தாண்டினா மஞ்சக் காடும் வாழையும்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர்ல ஒரு தோட்டத்து வீட்டுக்குள்ள திருடனுங்க புகுந்து, புருஷன் பொண்டாட்டியைக் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அதைக் கேட்டதுல இருந்து எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கமில்லை. துப்பாக்கி வாங்கியே தீருவேன்னு நின்னாரு.

ஒண்ணரை வருஷம் நடந்தாருங்க. தாலுகா ஆபீஸ், ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ். ஒரு ஆபீசர் கேட்டிருக்காரு, "உங்களுக்கு யாரால ஆபத்து?"ன்னு. இவருக்கு யாரைச் சொல்றதுன்னு தெரியலை. "பொதுவாவே சார்"னு சொல்லிட்டு வந்துட்டாரு.

போன ஆடி மாசம் கைக்கு வந்துச்சு. வடக்கே எங்கேயோ செய்யறதாம். இரும்பு இல்லை, ஏதோ லேசான உலோகமாம். அரை கிலோதான் எடை. பாப்பா பிறந்தப்ப ஆஸ்பத்திரியில தராசுல போட்டு ரெண்டே முக்கால்னு சொன்னாங்க. அன்னைக்கு அவரு முகத்துல இருந்த சந்தோஷத்தைவிட இந்த அரை கிலோவுக்கு இருந்த சந்தோஷம் பெருசு. நான் குறையாச் சொல்லலைங்க. கண் மை மாதிரி கருகருன்னு, பார்க்கவும் நல்லாத்தான் இருந்துச்சு. தோலுல ஒரு உறை தைச்சு இடுப்புல மாட்டிக்கிட்டாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் அது, மடை திருப்பப் போனாலும் அது.

ரெண்டு மாசம் முழுசா ஆகலை. ஒரு நாள் காலையில என்னைக் கூப்பிட்டு, "ரேணு, இங்க பாரு, வெள்ளையாத் தெரியுது"ன்னாரு. பாப்பாவுக்குப் பல்லு முளைக்கிற சமயம். நான் ஓடிப் போய்ப் பாப்பா வாயைத் திறந்து பார்க்கிறேன். அவரு துப்பாக்கியைச் சொல்லியிருக்காரு. குழாய் வாய் இருக்குதில்லைங்க, அதோட ஓரத்துல கருப்பு போயி வெளுத்திருந்துச்சு. நடுவுல குண்டு போடற உருளை சுத்துமே, அதுல சுத்தி ஒரு கோடு. கொலுசு போட்ட கால்ல தடம் விழும் பாருங்க, அப்படி.

மனுசன் இடிஞ்சு போயிட்டாரு. பாப்பாவோட மல்லுத் துணியால துடைக்கிறாரு, தேங்காய் எண்ணெய் தடவறாரு. கடைக்காரருக்கு ஃபோன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டதால எனக்கும் கேட்டுச்சு.

"சார், இடுப்புல வெச்சா உறையில உரசும். உரசினா மேல்பூச்சு தேயத்தான் செய்யும். தேயக்கூடாதுன்னா பீரோவுல வெச்சுப் பூட்டுங்க."

"பீரோவுல வெச்சா, நான் அதைத் திறந்து எடுக்கறதுக்குள்ள திருடன் வந்துட்டா என்னங்க பண்றது?"

"அப்பத் தேயட்டும் சார்."

அதோட கடைக்காரர் ஃபோனை வெச்சுட்டாரு. தப்பாச் சொல்லலைதானுங்க அவரு? ஆனா எங்க வீட்டுக்காரருக்கு மனசு ஆறலை. உறைக்குள்ள மெத்துன்னு ஏதாவது வெச்சா உரசாதுன்னு பார்த்தாரு. என் வெல்வெட் ஜாக்கெட்டுத் துணியை வெச்சுப் பார்த்தாரு. சாயம் ஒட்டிக்கிச்சு. கடைசியில எங்கம்மா பாப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லா. அது கனகச்சிதமா இருந்துச்சு. குல்லாவுல முயல் காது ரெண்டு வெச்சுத் தெச்சிருப்பாங்க. இவரு மீசையை முறுக்கிக்கிட்டு நடப்பாரு, இடுப்புல உறைக்கு மேல முயல் காது ரெண்டும் ஆடும். பாப்பா அவரைப் பார்த்தாலே குல்லாவுக்குக் கை நீட்டுவா. அவருக்கு மகள் தன்கிட்ட தாவி வர்றான்னு பெருமை.

நீங்க சிரிங்க, பரவாயில்லை. நான் சிரிக்கலை, அவரு முன்னால.

ஆயுத பூஜை வந்துச்சுங்க. எங்க குலசாமி கருப்பராயன், தோட்டத்து மேக்கால ஒரு பெரிய வேப்ப மரத்தடியில இருக்காரு. ரெண்டு வீட்டு ஆயுதமும் அங்கதான் பூஜைக்குப் போகும். மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மெஷின், குழந்தைவேலு மாமா டிராக்டர். நடுவுல இவரு ரிவால்வரைக் கொண்டு போய் வெச்சாரு, குல்லாவைக் கழட்டிட்டு. சந்தனம் குங்குமம் வெச்சாச்சு. மாமா குனிஞ்சு பார்த்தாரு.

"ஏன் நல்லசிவம், அதுக்குள்ள பல்லிளிச்சிருச்சு? கவரிங்காடா?"

அவ்வளவுதானுங்க. கூடியிருந்த அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. கவரிங் நகைதானுங்க பூச்சு போயிப் பல்லிளிக்கும். ஒண்ணரை வருஷம் நடந்து வாங்கின சாமானை அப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? இவரு பொரியும் கடலையும் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துட்டாரு. அடுத்த வாரத்துல இருந்து சின்னப் பசங்களுக்கு இவரு கவரிங் சித்தப்பா ஆயிட்டாரு.

அதுக்கப்பறம் வண்டித்தடத்துல வம்பு ஆரம்பிச்சுச்சு. நாங்க ரோட்டுக்கு வரணும்னா மாமா வாசலைத் தாண்டித்தான் வரணும். பொதுத் தடம்தான். மாமா டிராக்டரை அதுல நிறுத்துவாரு. முன்னெல்லாம் "எடுங்கண்ணா"ன்னா எடுத்துருவாரு. இப்ப, "துப்பாக்கி இருக்குதில்ல, சுட்டுத் தள்ளிட்டுப் போ தம்பி"ம்பாரு. விளையாட்டுக்குத்தானுங்க. மாமா சுபாவமே அப்படி. இவரு வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப தட்டைப் பார்த்துக்கிட்டே, "ஒரு நாளைக்கு இருக்குது"ம்பாரு. திருடனைத்தான் சொல்றாருன்னு நான் மோரை ஊத்துவேன்.

சம்பூர்ணம் அக்கா மட்டும் என்கிட்ட எப்பவும் போலத்தான். ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் முறைச்சுக்கிட்டு இருந்தாலும் நாங்க ரெண்டு பேரும் வேலியோரம் பேசிக்குவோம். பேசறது அக்கா, நான் தலையாட்டறது. அக்கா அப்பெல்லாம் துப்பாக்கியைப் பத்தித்தான் விசாரிப்பாங்க. "அது எங்க இருக்குது ரேணு? குண்டு போட்டேதான் வெச்சிருக்காரா?"ன்னு. பாப்பா தவழ ஆரம்பிச்சதுல இருந்து குண்டையெல்லாம் பெருங்காய டப்பாவுல போட்டு பீரோவுல வெச்சிருக்காரு, இடுப்புல இருக்கிறது வெறுந்துப்பாக்கிதான்னு சொன்னேன். அக்காவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. பாப்பா மேல அவ்வளவு பாசம்.

ஒரு நாள் நான்தான் சொன்னேன். "அக்கா, கவரிங் செயின் கருக்காம இருக்க நாம கலர் இல்லாத நெயில் பாலிஷ் பூசுவோமில்ல. அதைத் துப்பாக்கிக்குப் பூசினா தேயாம இருக்குமா?" என் கழுத்துல பாருங்க, தாலிக்கொடி தவிர எல்லாம் கவரிங்தான், பாலிஷ் பூசித்தான் ரெண்டு வருஷமா ஓட்டறேன்.

அக்கா என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்பறம் உள்ளே போயி, ஈரோட்டுல காலேஜ் படிக்கிற அவங்க மகளோட பாலிஷ் பாட்டிலை எடுத்துட்டு வந்து என் முந்தானையில முடிஞ்சு விட்டாங்க.

"மேலாகப் பூசினா நிக்காது ரேணு. இடுக்குக்குள்ள இறங்கற மாதிரிப் பூசு. உருளையைத் திறக்க ஒரு பொத்தான் இருக்குமாமே, அதைச் சுத்தி நல்லாப் பூசு. அங்கதான் கை படும்."

சனிக்கிழமை இவரு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாரு. எண்ணெயோட ஒரு மணி நேரம் வெயில்ல உலாத்திட்டு, அப்பறம் சீயக்காய், வெந்நீர். ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கம் வரமாட்டாரு. துப்பாக்கியைக் கட்டில் மேல வெச்சுட்டுப் போனாரு. வெறுந்துப்பாக்கிதான். இருந்தாலும் குழாய் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டேன். பாப்பாவைத் தொட்டில்ல போட்டுட்டு உக்கார்ந்தேன். குழாய் ஓரத்துல ஒரு பூச்சு, உருளைக் கோட்டுல ஒரு பூச்சு. இடுக்குல பிரஷ் போகலை, பாட்டிலையே சாய்ச்சு விட்டேன். பொத்தானைச் சுத்தி அக்கா சொன்ன மாதிரியே. ஃபேன் கீழ காய வெச்சு, மறுபடியும் ஒரு தடவை. பாட்டில் காலி. காஞ்சதும் பார்த்தா, அடடா, கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னுச்சு. குல்லாவை மாட்டி வெச்சுட்டேன்.

இவரு வந்து எடுத்துப் பார்த்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "தேங்காய் எண்ணெய் வேலை செய்யுது பார்த்தியா"ன்னாரு. நான் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவரு சந்தோஷத்தைப் பார்த்ததும் கூச்சமாயிருச்சு.

அதுக்கு அடுத்த வியாழக்கிழமைங்க. பாப்பாவுக்கு விடியக்காலையில இருந்து காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, இவரு பைக்கை எடுத்துட்டாரு, நான் பின்னால. மாமா வாசல்கிட்ட வந்தா டிராக்டர் டிரெய்லரோட குறுக்கால நிக்குது. பைக்கு போகக்கூட இடமில்லை. மாமா வாசல்ல காப்பி குடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காரு.

"அண்ணா, வண்டியை எடுங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல்."

காய்ச்சல்ங்கிறது மாமா காதுல விழவே இல்லைங்க. அப்பறம் கருப்பராயன் மேல சத்தியம் பண்ணிச் சொன்னாரு. பக்கத்துல மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"இடுப்புல இருக்கிறதைக் காட்டு தம்பி, டிராக்டர் பயந்துக்கிட்டுத் தானா நகரும்"னாரு. ஒரு வாய் காப்பி குடிச்சாரு. "அட மறந்துட்டேன், அதுதான் கவரிங்காச்சே."

எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தா கத்துவாரு. அன்னைக்குக் கத்தலை. பைக்கைத் திருப்பி எங்க வாசல்ல கொண்டு போய் நிறுத்தினாரு, உள்ளே போனாரு. நான் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னாலயே போனேன். பீரோவைத் திறந்தாரு. பெருங்காய டப்பா மூடி டப்புன்னு திறந்துச்சு. குண்டு நாலஞ்சை உள்ளங்கையில கொட்டிக்கிட்டாரு. குல்லாவை உருவித் தரையில போட்டாரு. பொத்தானை அழுத்தறாரு.

திறக்கலை.

இன்னும் அழுத்தறாரு. ரெண்டு கட்டைவிரலாலயும் அழுத்தறாரு. உருளையைப் பிடிச்சுத் தள்ளறாரு. கட்டில் காலுல வெச்சுத் தட்டறாரு. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. கடைசியில பைக் சாவியை எடுத்து அந்த இடுக்குல விட்டுக் கீற ஆரம்பிச்சாருங்க.

"ஏனுங்க, கீறாதீங்க. பூச்சு போயிரும்."

கல்யாணமாகி மூணு வருஷத்துல நான் அவரை அதட்டினது அதுதான் முதல் தடவை. எப்படி வந்துச்சுன்னே தெரியலை. நான் கத்தினதுல பாப்பா வீல்னு அழுதா. இவரு நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. பாப்பாவைப் பார்த்தாரு. குண்டெல்லாம் கை நழுவிக் கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு.

அப்பத்தானுங்க வெளியே டிராக்டர் சத்தம். எட்டிப் பார்த்தா சம்பூர்ணம் அக்கா ஓட்டறாங்க. அக்காவுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும்னு ஊர்ல யாருக்குமே தெரியாது. ரிவர்ஸ் எடுத்து, முருங்கை மரத்தைச் சாய்ச்சு, தடத்தைக் காலி பண்ணிட்டாங்க. இறங்கி ஓடி வந்தாங்க, வெறுங்காலோட. வாசப்படியில நின்னு முதல்ல எங்க வீட்டுக்காரர் கையைப் பார்த்தாங்க. அப்பறம்தான் பாப்பா நெத்தியைத் தொட்டாங்க.

"அவரு காரை எடுக்கிறாரு. கிளம்பு ரேணு. தம்பி, நீயும் வா. அதை அங்கேயே வெச்சுட்டு வா."

மாமா கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா வழியெல்லாம், "காய்ச்சல்னு எனக்குக் கேக்கலைடா நல்லசிவம், கேட்டிருந்தா நான் அப்படிப் பேசுவனா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. இவரு பாப்பா காலைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வந்தாரு. சாதாரணக் காய்ச்சல்தானுங்க, மூணு நாள்ல சரியாயிருச்சு. எனக்குத்தான் அந்தச் சாவிக் கீறல் மனசை விட்டுப் போகலை.

வீட்டுக்கு வந்ததும் இவரு நேரா வேப்ப மரத்தடிக்குப் போயிக் கருப்பராயன் கால்ல விழுந்துட்டாரு. எதுக்குன்னு என்கிட்ட சொல்லலை. காய்ச்சல் இறங்கட்டும்னு வேண்டியிருப்பாரு.

அடுத்த வாரம் ரிவால்வரைக் கோயமுத்தூர்க் கடைக்கு எடுத்துட்டுப் போனாரு. எனக்குப் பயங்க்கா. கடைக்காரர் மோந்து பார்த்தா நெயில் பாலிஷ்னு சொல்லிருவாரில்ல? சம்பூர்ணம் அக்காவுக்கு என்னைவிடப் பயம். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் வேலியைவிட்டு நகரலை. பஸ்ஸை விட்டு இறங்கி இவரு வர்றாரு, முகமெல்லாம் பிரகாசம்.

"ரேணு, கடைக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? இடுக்குல ஏதோ பிசின் இறுகியிருக்குங்கிறான். பிசின்! ஆயுத பூஜை அன்னைக்கு எங்க வெச்சோம்? வேப்ப மரத்தடியில. வேப்பம்பிசினை விட்டுக் கருப்பராயன் என் கையைக் கட்டியிருக்கான்."

நான் வேலிப் பக்கம் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கிக் கருப்பராயன் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாங்க. "சாமி விஷயத்துல நாம வாயே திறக்கக்கூடாது ரேணு"ன்னு அப்பறமாச் சொன்னாங்க. நான் எங்கே திறக்கப் போறேன்.

தை மாசம் கருப்பராயனுக்குக் கிடா வெட்டினோம், ரெண்டு வீடும் சேர்ந்து. மாமா தன் இலையில விழுந்த ஈரலை எடுத்து இவரு இலையில வெச்சாரு. டிராக்டர் இப்ப களத்துல நிக்குது. எல்லாம் நல்லாத்தான் போகுது.

ஒரே ஒரு குறைதான். அந்தக் கடைக்காரர் ஏதோ மருந்து போட்டு என் பூச்சு மொத்தத்தையும் துடைச்சுட்டாரு. இப்ப முன்னைவிட அதிகமாப் பல்லிளிக்குது. சாவிக் கீறல் வேற. பொத்தான் தொட்டாலே டக்குன்னு திறந்துக்குது, அப்படி ஒரு வழுக்கு. பார்க்கிறப்பெல்லாம் எனக்கு மனசு கேக்காது.

நானே விட்டிருப்பேங்க. சம்பூர்ணம் அக்காதான் விடலை. போன வாரம் இவருக்கும் மாமாவுக்கும் எல்லைக்கல்லைப் பத்தி ஏதோ பேச்சு. கல்லு ஒரு முழம் நகர்ந்திருக்குன்னு இவரு சொல்றாரு, நகரலைன்னு அவரு சொல்றாரு. கல்லு எப்படிங்க நகரும்? ஒண்ணும் சண்டையில்லை, சும்மா பேச்சுத்தான். அன்னைக்குச் சாயங்காலமே அக்கா வேலிக்கு வந்துட்டாங்க. "ரேணு, துப்பாக்கி ரொம்ப வெளுத்துப் போச்சாமே, பாவம். பத்து மணி பஸ்ஸுக்குப் போயி பாலிஷ் வாங்கிட்டு வந்துரு. ஒண்ணு போதாது, ரெண்டா வாங்கிக்க. மாட்டை நான் பார்த்துக்கிறேன்"னாங்க. நாளைக்குச் சனிக்கிழமை பாருங்க, இவரு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாரு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? இருங்க, பாப்பா செருப்பு ஒண்ணைக் காணோம். இதோ, உங்க காலுக்கடியில. உங்க பாலிஷ் பேரை இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்கக்கா, நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்குவேன். சீக்கிரம் இறுகுறதாப் பார்த்து வாங்கணும். பொத்தான்கிட்ட மட்டும் இந்தத் தடவை நாலு பூச்சுப் பூசச் சொல்லியிருக்காங்க, அங்கதான் சீக்கிரம் தேயுமாம். தினமும் இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரியற மனுசனுக்கே இது தெரியலைங்க. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா எப்படித்தான் கவனிச்சாங்களோ.